நூறு குடும்பம், 2,116 வீடு: தாமான் ரிம்பா கியாரா வழக்கு

2017 ஜூலை 13 அன்று கோலாலம்பூர் டத்தோ பண்டார், அதாவது மாநகர மேயர், ஒரு மேம்பாட்டு ஆணை வழங்கினார். தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பை ஒட்டி தாமான் ரிம்பா கியாரா என்றொரு பூங்கா இருக்கிறது, பரப்பு 25 ஏக்கர். அதில் ஏறக்குறைய 12 ஏக்கரில் கட்டடம் எழுப்ப அந்த ஆணை அனுமதி தந்தது. 42 மாடியிலிருந்து 54 மாடி வரை உயரும் எட்டுக் கட்டடங்கள், அவற்றில் 1,766 வீடுகள். அப்புறம் 29 மாடியில் இன்னொரு கட்டடம், அதில் 350 கட்டுப்படி விலை வீடுகள்.

இந்த ஆய்வுக்கு முக்கியம் அந்த ஒன்பதாவது கட்டடம்தான். பூங்காவின் ஓரத்தில், ரூமா பாஞ்சாங் என்று எல்லாரும் சொல்கிற நீண்ட வீடுகளில், சுமார் 100 குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக இருந்துவந்தன. பழைய புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான். பெரும்பாலோர் தமிழர்கள். இவர்களுக்கு நிரந்தர வீடு கொடுக்கவே இந்தத் திட்டம் என்று சொல்லப்பட்டது. பூங்கா வேண்டும் என்று வாதாடியவர்கள் ஒரு பக்கம், வீடு வேண்டும் என்று காத்திருந்தவர்கள் மறுபக்கம் நிறுத்தப்பட்டார்கள். ஆறு ஆண்டுகள் வழக்கு நடந்தது.

நான் எடுத்துக்கொண்ட காலம் 2017 ஜூலை முதல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன 2023 ஏப்ரல் வரை. சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் நகரம் எப்படி வளர்வது என்ற கேள்விக்கு மலேசியாவில் இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. மரத்தையும் மனிதரையும் எதிரெதிராக நிறுத்தியதுதான் இதில் நடந்த முதல் தவறு என்பது என் கருத்து. அப்படி எதிரெதிராக எப்படி நிறுத்தினார்கள் என்பதைத்தான் கணக்கோடு சொல்லப் பார்க்கிறேன்.

பால்மரக் காடு

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை அம்மாவைப் பூங்காவை அடுத்த கியாரா மலைப் பாதைக்கு அழைத்துப் போனேன். அம்மா வேறொரு மாநிலத்தில், வேறொரு தோட்டத்தில் இருபது வருடம் பால் வெட்டியவர். காட்டுக்குள் நுழைந்த பத்தாவது நிமிடத்தில் நின்றுவிட்டார். பாதைக்கு இடப்பக்கம் ஒரு ரப்பர் மரம். நானும் எத்தனையோ முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

அம்மா பட்டையில் கை வைத்தார். "இந்தா பாருயா, இது மறுபட்டை. ஒரு சுத்து வெட்டி, ஆறி, மறுபடியும் அதே எடத்துல வெட்டியிருக்காங்க." விரல் சரிவாகக் கீழே இறங்கியது, பழைய வெட்டுக்கோடு போன வழியிலேயே. ஓர் இடத்தில் பட்டை முண்டு முண்டாகப் புடைத்திருந்தது. "இங்க உளி ஆழமாப் போயிருச்சு. மரத்துக்குக் காயம். கங்காணி திட்டியிருப்பான்." சற்று மேலே தடவிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் வெட்டுனது வேற ஆளு. கை நல்ல கை," என்றார். வேரோரத்தில் இலைச் சருகைக் காலால் தள்ளி, பால் பிடிக்கும் மங்கு ஏதாவது கிடக்கிறதா என்று தேடினார். கிடைக்கவில்லை. எங்கோ மேலே ஒரு ரப்பர் காய் வெடித்துக் கொட்டை இலைகளில் தெறிக்கும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டுச் சிரித்தார்.

கியாரா மலையைக் 'காடு' என்கிறோமே, அதில் பெரும்பகுதி இப்படித்தான். தொழிலாளர்கள் வரிசை வரிசையாகப் பராமரித்த மரங்கள், கவனிப்பு நின்ற பிறகு மற்ற மரங்களோடு சேர்ந்து தானாகக் காடாகிவிட்டன. தோட்டத்தின் ஒரு பகுதி 1970களில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் என்ற குடியிருப்பானது. 1973இல் மறைந்த துணைப் பிரதமரின் பெயர் அது. மீதி நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மலையின் வேறு பக்கங்களில் பின்னாளில் கோல்ஃப் மைதானமும் குதிரையேற்றக் கிளப்பும் வந்தன. தொழிலாளர் குடும்பங்கள் 1980களின் தொடக்கத்தில் நீண்ட வீடுகளுக்கு மாற்றப்பட்டன. தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள்.

தோட்டம் மூடிய பிறகு தற்காலிகம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பது மலேசியத் தமிழர் பலருக்கும் வீட்டு அனுபவம். பலகைச் சுவர், தகரக் கூரை, ஒரு சிறு கோயில், அதைச் சுற்றி ஒரு தலைமுறை வளர்ந்து அடுத்த தலைமுறையும் பிறந்துவிடும். வீட்டைப் பழுதுபார்க்கவும் மனம் வராது. நாளைக்கே மாறப் போகிறோம் என்றால் இன்றைக்கு யார் சிமெண்டு போடுவார்கள்?

கணக்கு எப்படிப் போடப்பட்டது

நிலம் ஓர் அறநிறுவனத்தின் பெயருக்குப் போயிருந்தது, யாயாசான் விலாயா பெர்செக்குத்துவான், அதாவது கூட்டரசுப் பிரதேச அறவாரியம். அது ஒரு தனியார் மேம்பாட்டாளருடன் கூட்டுச் சேர்ந்தது. இப்படிப்பட்ட கூட்டில் பணம் நகரும் விதம் எளிது. நீண்ட வீட்டு மக்களுக்கு வீடு கட்ட அரசாங்கம் தன் பணப்பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. மேம்பாட்டாளர் கட்டித் தருவார். அந்தச் செலவை அவர் சந்தை விலைக்கு விற்கும் வீடுகளிலிருந்து எடுத்துக்கொள்வார். சந்தை வீடு எவ்வளவு அதிகமோ அவ்வளவு லாபம். அதனால் கட்டடம் உயர்ந்துகொண்டே போகும்.

மொத்தம் 2,116 வீடுகள். வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால்கூட எட்டாயிரத்து நானூறுக்கு மேற்பட்டவர்கள். ஏற்கெனவே மாலையில் நெரியும் குடியிருப்புச் சாலைகள், அவற்றின் கடைசி முனையில் எட்டாயிரம் பேர். வீடு தேவைப்பட்ட குடும்பங்களோ சுமார் 100. ஒரு குடும்பத்தின் குறையைத் தீர்க்க இருபத்தொரு வீடு கட்டும் கணக்கு இது.

நூறு வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு இடம் வேண்டும்? மாடிக்குப் பத்து வீடாக ஐந்து மாடிக் கட்டடம் இரண்டு போதும். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போக இன்னும் நூறு சேர்த்தாலும் நான்கு கட்டடம். அவர்கள் இருக்கும் இடத்திலேயே அடங்கிவிடும், பூங்காவின் புல்லைத் தொட வேண்டியதில்லை. வழக்குப் போட்ட தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்களும் நீண்ட வீட்டு மக்களுக்கு வீடு கட்டுவதை எதிர்க்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவர்கள் எதிர்த்தது அந்த எட்டுக் கோபுரங்களை. ஆனால் செய்தியில் சுருக்கமாக வரும்போது 'பணக்காரர்கள் ஏழைகளின் வீட்டைத் தடுக்கிறார்கள்' என்றுதான் வந்தது. என் உறவினர்களில்கூடப் பாதிப் பேர் அப்படித்தான் நம்பினார்கள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதற்காக ஒரு வாரம் சண்டை நடந்தது.

அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் வசதியானவர்களின் பேட்டை. வழக்கறிஞர் வைத்து ஆறு வருடம் மூன்று நீதிமன்றம் ஏற அவர்களால் முடியும். 2009இல் பினாங்கில் கம்போங் புவா பாலா தமிழ்க் குடும்பங்களும் நீதிமன்றம் வரை போனார்கள், கடைசியில் வீடுகள் இடிக்கப்பட்டன. அவர்கள் தாங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணின் உரிமைக்காக வாதாடினார்கள், பட்டா அவர்கள் கையில் இல்லை. கியாரா வழக்கு நிலம் யாருடையது என்ற கேள்விக்குள் போகவே இல்லை. நகரத் திட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டது. அந்தக் கேள்வியை எழுப்பப் பட்டா தேவையில்லை.

மூன்று நீதிமன்றங்கள்

2017 ஆகஸ்டில் குடியிருப்பாளர்கள் அந்த ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போட்டார்கள். 2018 மே மாதம் நாட்டில் ஆட்சி மாறியது. திட்டத்தைச் சுருக்கலாம் என்ற பேச்சு எழுந்தது, ஆனால் ஆணை ரத்தாகவில்லை. அதே ஆண்டு நவம்பர் 28 அன்று உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. 2021 ஜனவரி 27 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை மாற்றி மேம்பாட்டு ஆணையை ரத்து செய்தது. டத்தோ பண்டார், அறநிறுவனம், மேம்பாட்டாளர் மூவரும் கூட்டரசு நீதிமன்றம் போனார்கள். அவர்களோடு நீண்ட வீட்டுக் குடியிருப்பாளர் சங்கமும் போனது. வீடு கிடைக்கும் என்ற ஒரே ஒப்பந்தம் அந்த ஆணையோடு கட்டப்பட்டிருந்தபோது அவர்கள் வேறு எந்தப் பக்கம் நிற்க முடியும்?

2023 ஏப்ரல் 18 அன்று கூட்டரசு நீதிமன்றம் மேல்முறையீடுகளை ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன்.

தீர்ப்பின் மையம் 'கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம் 2020' என்ற ஆவணம். 2004இல் அரசிதழில் வந்தது. நகரம் அடுத்த பதினாறு ஆண்டுகளில் எப்படி வளர வேண்டும் என்று பொதுமக்கள் கருத்தையும் கேட்டுத் தயாரித்தது. அதில் ரிம்பா கியாரா பொதுமக்களுக்கான திறந்தவெளி, பசுமைப் பகுதி. கேள்வி இதுதான்: டத்தோ பண்டாருக்கு இது ஓர் அறிவுரையா, கட்டளையா? சட்டப்படி அவரைக் கட்டுப்படுத்தும் ஆவணம் என்றது நீதிமன்றம். விலக வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். பாதிக்கப்படும் குடியிருப்பாளர்களுக்கு வழக்காடவும் உரிமை உண்டு.

இன்னொன்றும் வெளியே வந்தது. நிலத்துக்குச் சொந்தமான அறநிறுவனத்தின் அறங்காவலர்களில் டத்தோ பண்டாரும் ஒருவர். விண்ணப்பிக்கும் நாற்காலியிலும் அனுமதிக்கும் நாற்காலியிலும் ஒரே ஆள். இதை நலன் முரண் என்று நீதிமன்றம் சொன்னது. லஞ்சமோ சதியோ இருந்தால்தான் நகரம் கெடும் என்றில்லை. இப்படி நாற்காலிகளை அடுக்கி வைத்தாலே போதும்.

சட்டப் பின்னணியை ஒரு வரியில் சொன்னால் இது ஏன் கோலாலம்பூரில் இவ்வளவு முக்கியம் என்று புரியும். தீபகற்பத்தின் மற்ற நகரங்களுக்கு 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம். கூட்டரசுப் பிரதேசத்துக்கு 1982இல் வந்த தனிச் சட்டம். இங்கே மக்கள் தேர்ந்தெடுத்த மாநகர் மன்ற உறுப்பினர்கள் கிடையாது. அனுமதி அதிகாரம் டத்தோ பண்டார் என்ற ஒருவரின் கையில். ஓட்டுப் போட்டு மாற்ற முடியாத ஒருவரை எது கட்டுப்படுத்தும்? எழுதி வைத்த திட்டம் ஒன்றுதான். அதுவும் கட்டாது என்று ஆகியிருந்தால் நகரவாசிக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இருந்திருக்காது.

திட்டம் தாமதமானால் என்ன ஆகும் என்பதும் இங்கே தெரிந்தது. கட்டமைப்புத் திட்டம் பொதுவாகப் பேசும். எந்த மனையில் எவ்வளவு உயரம் என்று மனை மனையாகச் சொல்வது அதற்கு அடுத்த நிலை ஆவணம், 'கோலாலம்பூர் மாநகர்த் திட்டம் 2020'. அதன் வரைவு 2008இல் பார்வைக்கு வந்தது. அரசிதழில் வந்தது 2018 அக்டோபரில்! 2020க்கான திட்டம், 2020 வருவதற்கு இரண்டே ஆண்டு முன்னால். நடுவில் போன பத்தாண்டுகளில் நகரம் அனுமதி அனுமதியாகக் கட்டப்பட்டது.

மழை விழுந்தால் எங்கே போகும்

பூங்காவை அழகு, நடைப்பயிற்சி என்ற அளவில் பேசினால் வாதம் பலவீனமாகிவிடும். நூறு பேர் நடக்கிற இடமா, எட்டாயிரம் பேருக்கு வீடா என்று கேட்டால் யாரும் வீடு என்பார்கள். சரி, மழையைக் கொண்டு பார்ப்போம்.

கோலாலம்பூர் மழை பிற்பகலில் இரண்டு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். மரம் அடர்ந்த சரிவில் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு இலையில் தங்கும், ஒரு பங்கு சருகுக்குள் இறங்கி மண்ணில் ஊறும், மீதி மெல்ல ஓடைக்கு வரும். அதே சரிவில் கார் நிறுத்துமிடமும் தார்ச்சாலையும் வந்தால் விழுந்த தண்ணீர் எல்லாம் ஒரே நேரத்தில் கால்வாயில் இறங்கும். அளவும் கூடியிருக்கும், அதைவிட வந்து சேரும் வேகம்தான் ஆளைக் கொல்லும்.

நகர நடுவில் இந்த வேகத்தைச் சமாளிக்க என்ன செய்தோம்? 2007இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம். 9.7 கிலோமீட்டர் நீளம், செலவு ஏறக்குறைய 1.9 பில்லியன் ரிங்கிட். நடுவில் மூன்று கிலோமீட்டர் கார்கள் ஓடும். பெருவெள்ளம் வந்தால் கார்களை வெளியேற்றிவிட்டுத் தண்ணீரை விடுவார்கள். அருமையான பொறியியல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது காப்பது கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேரும் நகர மையத்தை. கியாரா மலைத் தண்ணீர் அங்கே போவதில்லை. சுங்கை பெஞ்சாலா கியாரா மலைப் பகுதியில் தொடங்கி, பெட்டாலிங் ஜெயா வழியாக ஓடிக் கிள்ளான் ஆற்றில் கீழே சேர்கிறது. பெட்டாலிங் ஜெயா சிலாங்கூர் மாநிலம். அனுமதி கொடுப்பது ஓர் ஊர், வெள்ளம் வடிப்பது இன்னோர் ஊர்.

வடிகால், நீர்ப்பாசனத் துறை 2001 முதல் நடைமுறைப்படுத்தும் மழைநீர் மேலாண்மைக் கையேட்டின் அடிப்படையே மழைநீரை விழுந்த இடத்திலேயே பிடித்து வை என்பதுதான். கட்டடக்காரர்கள் அதற்காகத் தொட்டி கட்டுகிறார்கள், குளம் தோண்டுகிறார்கள். கியாரா சரிவு அந்த வேலையை எந்தப் பராமரிப்புச் செலவும் கேட்காமல் செய்துகொண்டிருந்தது. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கின் பல பகுதிகள் தண்ணீரில் நின்றபோது எங்கள் மச்சான் வீட்டில் தோள் வரை வெள்ளம். மூன்று நாள் கழித்துச் சுவரில் படிந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, மேலே எங்கெங்கே எந்தச் சரிவு தார் ஆனது என்றுதான் என் மனது கணக்குப் போட்டது.

வளரவே கூடாதா?

இப்படிச் சொல்கிறவர்களிடம் எப்போதும் கேட்கப்படும் கேள்வி இது. கேட்க வேண்டிய கேள்விதான்.

கோலாலம்பூர் 243 சதுர கிலோமீட்டர். நாலா பக்கமும் சிலாங்கூர். 2020 மக்கள் கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட 20 லட்சம் பேர். பக்கவாட்டில் விரிய முடியாத நகரம் மேலேதான் போக வேண்டும். அடர்த்தியை எதிர்த்தால் மக்கள் ரவாங், செமினி என்று தள்ளிப் போய்க் காரில்தான் வருவார்கள், நெடுஞ்சாலை காட்டைத் தின்னும். அதனால் நான் கோபுரங்களுக்கு எதிரி இல்லை. கோபுரம் எங்கே நிற்கிறது என்பதே என் கேள்வி.

தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலிலேயே விடை இருக்கிறது. 2016 டிசம்பரில் எம்.ஆர்.டி நகர ரயில் நிலையம் திறந்தது, காஜாங் வழித்தடம். நிலையம் குடியிருப்பின் ஒரு முனையில், பெருஞ்சாலை ஓரத்தில். பூங்கா மறுமுனையில், மலையடிவாரத்தில். ரயிலை ஒட்டி, ஏற்கெனவே கடைகளும் கார் நிறுத்துமிடங்களுமாகச் சிமெண்டு போட்ட மனைகளில் உயரம் கூட்டினால் புதிதாக ஒரு மரமும் சாயாது, வருகிறவர்களில் பலர் கார் வாங்காமலே இருக்கலாம். மலையடிவாரத்தில் ஆயிரக்கணக்கான வீடு கட்டினால் ஒவ்வொன்றும் ஒரு காரையாவது சாலையில் இறக்கும். ரயிலுக்கு அத்தனை பில்லியன் செலவழித்துவிட்டு அடர்த்தியை ரயில் இல்லாத முனையில் கொண்டுபோய் வைத்ததைத்தான் என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

இதற்குப் புதிய தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை. 2004இல் எழுதிய திட்டமே பசுமை எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. கருவி கையில் இருந்தது, எடுத்துப் பயன்படுத்தத்தான் ஆளில்லை.

தீர்ப்பு தராதது

நீதிமன்றம் ஓர் ஆணையை ரத்து செய்தது. வீடு கட்டித் தருவது அதன் வேலை அல்ல, அதனிடம் யாரும் அதைக் கேட்கவும் இல்லை. தீர்ப்பு வந்த அன்று பூங்காவில் மகிழ்ச்சி. நீண்ட வீட்டிலோ அன்றைக்கும் அதே பலகைச் சுவர்.

செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "சரி, மரம் பொழச்சிருச்சு. வெட்டுன சனத்துக்கு எங்க வீடு?"

என்னிடம் அதற்குப் பதில் இல்லை. அவர்கள் வீட்டை ஒரு மேம்பாட்டாளரின் லாபக் கணக்கோடு முடிச்சுப் போட்டதால் அந்தக் கணக்கு விழுந்தபோது வீடும் சேர்ந்து விழுந்தது. தொடக்கத்திலேயே நூறு வீட்டைத் தனித் திட்டமாக, அரசாங்கச் செலவில், நீண்ட வீடு நின்ற மண்ணிலேயே எழுப்பியிருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது. 1.9 பில்லியன் ரிங்கிட்டுக்குச் சுரங்கம் தோண்டிய நாடு இது. நூறு வீட்டுக்குப் பணம் இல்லை என்று சொல்வதை நான் நம்பத் தயாரில்லை. தோட்டத் தொழிலாளியின் வீட்டை எப்போதும் வேறு எதற்கோ இலவச இணைப்பாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் மாறாதவரை அடுத்த பூங்காவுக்கும் இதே காரணத்தைச் சொல்லிக்கொண்டு யாராவது வருவார்கள்.

2023 அக்டோபரில் 'கட்டமைப்புத் திட்டம் 2040' அரசிதழில் வந்தது. அதற்கு அடுத்த நிலை ஆவணமான வட்டாரத் திட்டத்தின் வரைவு 2024 தொடக்கத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். சுவர் முழுக்க வரைபடம், மனைக்கு மனை நிறம். எங்கள் அடுக்குமாடி இருக்கும் தெருவைக் கண்டுபிடிக்க எனக்கே பத்து நிமிடம் ஆனது. வந்திருந்தவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் எங்களைத் தவிர யாரும் என் கண்ணில் படவில்லை.

ஆட்சேபப் படிவத்தில் எங்கள் தெருவின் வடிகாலைப் பற்றி இரண்டு பத்தி எழுதினேன். அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "முடிஞ்சிருச்சா?" என்றார். முடிந்தது என்றேன்.

"கியாரா சனத்தப் பத்தி எழுதுனியா?"

"அது நம்ம ஏரியா இல்லம்மா."

"எழுதுயா. பூங்கா பூங்காவாவே இருக்கட்டும். அவங்களுக்கு அவங்க எடத்துலயே வீடு கட்டிக் குடுக்கச் சொல்லு."

கடைசி இரண்டு வரி இடம் இருந்தது. மலாயில் எழுதினேன். கையெழுத்துக்கு அம்மாவிடம் பேனாவைக் கொடுத்தேன், தமிழில் போட்டார்.